நார்மல் என்று சொன்ன மகனுக்கு

இங்கு நான் நலம். நீ நலமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். ஆனால் நீ சொல்லப்போகும் பதிலை நம்ப மாட்டேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மயிலாப்பூரில் உட்கார்ந்துகொண்டு தரமணிக்குத் தபால் போடுகிற அம்மா இந்த ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் உன் ஹாஸ்டல் வாசலில் வந்து நிற்கலாம். நிற்க மாட்டேன். நேரில் வந்தால் நீ கைக்கடிகாரத்தைப் பார்ப்பாய், "லேப்ல எலிக்கு மருந்து குடுக்கணும்மா, நேரமாச்சு" என்று எழுந்துவிடுவாய். போனிலும் பேச மாட்டேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ரிடையர் ஆகும்வரை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அடுத்தவர் குரலைக் கேட்டே பிழைத்தவள் நான். முகம் தெரியாத இடத்தில் மனிதர்கள் எவ்வளவு சரளமாகப் பொய் சொல்வார்கள் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது. முடிகிறவரை கேட்டுத்தான் ஆகவேண்டும்.

தை பிறந்ததும் தி. நகர் மண்டபத்தில் உனக்குக் கல்யாணம். பாண்டி பஜாரில் முகூர்த்தப் புடவை எடுத்தாகிவிட்டது. பத்திரிகையில் உன் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்தாகிவிட்டது. கல்யாணம் முடிந்த கையோடு அமெரிக்கா. இங்கே இத்தனை வருஷம் கல்லீரல் நோயை ஆராய்ந்தாய், அங்கே போய் இதய நோயை ஆராயப்போகிறாயாம். கல்லீரலில் இனி உனக்குக் கண்டுபிடிக்க ஒன்றும் பாக்கியில்லை போலிருக்கிறது. இப்படிப் புறப்படுகிற பிள்ளைக்கு ஒரு அம்மா எப்படிக் கடிதம் எழுதவேண்டும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பெண்டாட்டியிடம் குரலை உயர்த்தாதே, குளிரில் காதை மூடிக்கொள், சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, மாதம் ஒருமுறையாவது போன் பண்ணு. அதையெல்லாம் உன் மாமியார் எழுதிக்கொள்ளட்டும். எனக்குக் கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது. நந்தினி கழுத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால், உன் அப்பாவைக் கொன்ற நோய் உன் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்த்தாயா? தீபாவளிக்கு வந்திருந்தபோதும் இதைத்தான் கேட்டேன். அதிரசத்தை மென்றுகொண்டே, "பாத்தாச்சும்மா, நார்மல்" என்றாய். அந்த வார்த்தையை அதே குரலில் நீ இதற்கு முன்பும் ஒருத்தரிடம் சொல்லியிருக்கிறாய். அவர் இப்போது கூடத்துச் சுவரில் மாலைக்குள் இருக்கிறார்.

உன் அப்பாவை உனக்கு நான் அறிமுகப்படுத்தவேண்டிய அவசியம் இல்லைதான். ஆனாலும் சொல்கிறேன். நீ அவரை ஒரு குழாய் ரத்தமாக மட்டும்தான் பார்த்தாயோ என்று இப்போது எனக்குச் சந்தேகம். மந்தைவெளிப் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். தூங்கும்போது மட்டும்தான் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றுவார். தினமும் காலையில் பட்டினப்பாக்கம் கடற்கரையில் ஓடிவிட்டு, வரும்போதே மீனும் வாங்கிக்கொண்டு வருவார். பீடி, சிகரெட், வெற்றிலை எதுவும் கிடையாது. கல்யாண வீட்டில் கலர் கொடுத்தால்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். நீ ஆராய்ச்சிக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாய். "அப்பா, கல்லீரல் கெட்டவங்க ரத்தம் ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்துடும். அதோட பக்கத்துல வச்சுப் பாக்க நல்லா இருக்கறவங்க ரத்தம் வேணும். லேப்ல எல்லாரும் அவங்கவங்க வீட்லேர்ந்துதான் கொண்டு வராங்க" என்றாய். உங்கள் தொழிலில் அதுதான் வழக்கமாம். நோய் ஆஸ்பத்திரியிலிருந்து வரும், ஆரோக்கியம் அப்பா அம்மாவிடமிருந்து வரும். அப்படி ரத்தம் கொடுக்கிற ஆளுக்கு நார்மல் என்று பெயர். எனக்கு ரத்தசோகை என்று என்னைக் கழித்துவிட்டாய். அவர் பெருமையாக எழுந்து வந்து உட்கார்ந்தார். அவருக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே பட்டம் அந்த நார்மல்தான்.

வெறும் வயிற்றில் எடுக்கவேண்டும் என்று நீ சொன்னதால் அன்று அவர் காபி குடிக்கவில்லை. கையில் கட்டுகிற ரப்பரை நீ மறந்துவிட்டு வந்திருந்தாய். அவர் விசில் கயிற்றைக் கழற்றிக் கொடுத்தார், அதைத்தான் முழங்கைக்கு மேல் கட்டினாய். நரம்பு தவறித் தவறிக் குத்தினாய். "பரவால்லடா, நான் கிரவுண்டுல படாத அடியா" என்று சிரித்தார். ஐஸ் போட்ட பிளாஸ்கில் குழாயை வைத்து எடுத்துக்கொண்டு போனாய். அந்த வாரமே, "எப்படிடா இருந்தது என் ரத்தம்?" என்று ஆசையாகக் கேட்டார். "நார்மல்ப்பா" என்றாய். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ஊசியோடு வந்து நின்றாய். நார்மலாக இருந்தால் மறுபடி எதற்கு என்று கேட்கிற புத்தி அவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. படித்த பிள்ளை கேட்கிறது என்று கையை நீட்டினார். அதற்குப் பிறகு நீ அவரிடம் கேட்கவே இல்லை. "போதும்ப்பா, உங்ககிட்ட எடுக்க வேண்டியது எடுத்தாச்சு" என்று சொல்லிவிட்டு எதிர்வீட்டு பேங்க்காரரிடம் போய்க் கையை நீட்டச் சொன்னாய்.

அதை அவர் நம்பவில்லை. தேவைப்பட்டால் கேட்பாய் என்று காத்துக்கொண்டிருந்தார். நீ வருகிற ஞாயிற்றுக்கிழமையானால் காபியை மூடி வைக்கச் சொல்வார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பேப்பரோடு கூடத்தில் உட்கார்ந்திருப்பார். நீ வந்து இட்லியைத் தின்றுவிட்டுத் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு போவாய். "இன்னிக்கும் வேணாமாம்" என்று என்னிடம் சொல்லிவிட்டு ஆறிப்போன காபியைக் குடிப்பார். ஒருநாள் நானும் அவரோடு பட்டினப்பாக்கம் போயிருந்தேன். மீன்காரம்மாவிடம் பேரம் பேசுவதை விட்டுவிட்டு, "எம் பையன் ஆராய்ச்சி பண்றானே, அதுல நார்மல்னு போட்டிருக்கறது என் ரத்தம்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள், "நார்மல்னா இன்னா சார், நல்லதா கெட்டதா?" என்றாள். "நல்லதும்மா" என்றார். "அப்ப ஒடம்பு நல்லா கீதுன்னு சொல்லு. இந்த வஞ்சிரத்தையும் சேத்து எடுத்துகினு போ" என்று அவள் தலையில் கட்டிவிட்டாள். வீட்டுக்கு வரும்வரை நான் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

பிறகு அவர் களைத்துப்போக ஆரம்பித்தார். ஓட்டம் நடையாயிற்று, நடை ஈஸிசேராயிற்று. உட்கார்ந்த இடத்திலிருந்தே விசில் ஊதுகிறார் என்று ஹெட்மாஸ்டர் குறைபட்டுக்கொண்டார். நான் சோம்பேறி என்றேன். ரிடையர் ஆவதற்கு முன்னாலேயே பென்ஷன் புத்தி வந்துவிட்டது என்றேன். வயிறு உப்பியபோது, தொப்பை போட்ட டிரில் மாஸ்டரைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்றேன். கண் மஞ்சளான பிறகுதான் தேனாம்பேட்டையில் ஒரு டாக்டரிடம் போனோம். வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தன வருஷமா குடிக்கறீங்க?" இவர், "எனக்கு அந்தப் பழக்கமே இல்ல டாக்டர்" என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். நீயும் அங்கேதான் இருந்தாய், சுவரில் மாட்டியிருந்த கல்லீரல் படத்தைப் பார்த்துக்கொண்டு.

அன்றிலிருந்து நான் என்னவெல்லாம் செய்தேன் என்பதை நீ தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். அவர் பையைக் கவிழ்த்துக் கொட்டினேன். மத்தியானம் அசந்து தூங்கும்போது குனிந்து வாயை மோந்து பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் விளையாட்டுச் சாமான் வைக்கிற அறையின் சாவியை அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக்கொண்டு போய், பந்துகளுக்கும் வலைகளுக்கும் நடுவே பாட்டில் தேடினேன். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் குடித்தனம் பண்ணின பெண்டாட்டி. திரும்பி வந்தபோது ஈஸிசேரில் கண்ணை மூடிக்கொண்டே, "கெடச்சுதா?" என்று கேட்டார். நீ கூடத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாய். குடிக்காதவனுக்கும் கல்லீரல் கெடும், இவருக்கு இது பல வருஷமாக இருக்கிறது என்று சொல்ல அந்த வீட்டில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தான். அந்த ஆள், "டெஸ்ட் ரிசல்ட்லாம் வரட்டும்மா" என்றான்.

ரிசல்ட் வந்தது. மஞ்சள் காமாலையில் பி என்று ஒரு வகை, கிருமி ரத்தத்தில் வருஷக்கணக்காகச் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொண்டு ஈரலைத் தின்னுமாம். எப்போதோ சரியாகக் கொதிக்க வைக்காத ஏதோ ஒரு ஊசியில் வந்திருக்கலாம் என்றார் டாக்டர். புருஷன் பெண்டாட்டிக்குள் பரவும், ஒரே வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கும் வந்திருக்கலாம், எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். எனக்கு அங்கேயே எடுத்தார்கள். எனக்கும் எப்போதோ வந்து, உடம்பே அதை விரட்டிவிட்டிருக்கிறதாம். நான் விரட்டாதது எது என்று உன் அப்பா அந்த நிலைமையிலும் டாக்டரிடம் சொல்லிச் சிரித்தார். நீ மட்டும், "நான் லேப்லயே பாத்துக்கறேன் டாக்டர்" என்றாய். சமையற்காரன் ஓட்டலில் சாப்பிடுவானா என்று நானும் விட்டுவிட்டேன்.

மெட்ராஸ் சென்னை ஆன வருஷம் அவர் போய்விட்டார். எதனால் என்று வந்தவர்கள் கேட்டார்கள், கல்லீரல் என்றோம், தலையை ஆட்டிக்கொண்டார்கள். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? மீன்காரம்மா விஷயம் கேள்விப்பட்டு அழுதுகொண்டே வந்தாள். "எங்க வூட்டுக்காரரும் இப்டித்தாம்மா ஈரல் வெந்து பூட்டாரு. சாரு யாருக்கும் தெரியாம குடிச்சிகினு இருந்திருக்காரு, பாவம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. கல்லீரலில் டாக்டர் பட்டம் வாங்கப்போகிற பிள்ளை பக்கத்தில் நிற்கிறான், அவன் சொன்னால் நம்பியிருப்பாள். நீ வாயைத் திறக்கவில்லை. துக்கம் தொண்டையை அடைக்கிறது என்று நினைத்து உனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

இந்த மாதம் பரீதா வீட்டுக்குப் பத்திரிகை கொடுக்கப் போனேன். லேபில் உன் பக்கத்து மேஜைப் பெண், நம்ம ஊரிலேயே தையல்கடை வைத்திருக்கிற வீடு. பேச்சோடு பேச்சாக உன் அப்பாவுக்கு என்ன நோய் என்று சொன்னேன். அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தேன், காரணம் புரியவில்லை. அடுத்த வாரம் அவளே தேடிக்கொண்டு வந்தாள். போட்டோவுக்கு முன்னால் நின்று அழுதாள். "ஆன்ட்டி, அங்கிள் ரத்தத்த டெஸ்ட் பண்ணது நான்தான்" என்றாள். முதல்முறை, கல்லீரல் கெட்டதைக் காட்டுகிற அளவு எங்கேயோ எகிறி நின்றதாம். ஐஸ் கரைந்து, பஸ்ஸில் குலுங்கி, ரத்தம் வழியிலேயே கெட்டிருக்கும் என்று நீ சொன்னாயாம். அதனால்தான் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை. அதுவும் அதே மாதிரி. உன் கைடு பார்த்துவிட்டு, "இந்த ஆள் நார்மல் கெடையாது, கிராஃபயே கெடுக்கறார். தூக்கிட்டு வேற ஆளப் போடு" என்றாராம். தூக்கிவிட்டாய். "அப்பாகிட்ட சொல்லிட்டீங்களான்னு கேட்டேன் ஆன்ட்டி. சொல்லிட்டேன், மருந்து சாப்பிடறார்னு சொன்னாரு" என்றாள்.

அதோடு நிற்கவில்லை. அந்தக் காலத்தில் கண்ணாடிக் குழலை வாயில் வைத்து உறிஞ்சித்தான் ரத்தநீரை அளப்பீர்களாமே. உன் அப்பாவுடையதை உறிஞ்சியது அந்தப் பெண். அது என்ன நோய் என்று தெரிந்த பிறகும் அதே மேஜையில் அவளோடு பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறாய், ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் பத்திரிகை கொடுத்த மறுநாளே ஓடிப்போய்ப் பரிசோதித்துக்கொண்டாளாம். அவளுக்கு ஒன்றுமில்லை. அவள் அல்லா காப்பாற்றினார், நீ காப்பாற்றவில்லை. "எம் பையன் ரத்தத்தயும் நீதான் பாத்தியாம்மா?" என்று கேட்டேன். "லேப்ல எல்லாரும் குடுப்போம் ஆன்ட்டி. அங்கிள் ரிசல்ட் வந்ததுலேர்ந்து அவரு மட்டும் குடுக்கவே மாட்டாரு. ஊசின்னா பயம்பாரு" என்றாள். அப்பா கையில் தவறித் தவறிக் குத்தியவனுக்கு ஊசி என்றால் பயமாம். வெளியில் எங்காவது பார்த்திருப்பாய் என்று இன்னும் ஒரு மூலையில் எனக்கு நப்பாசை இருக்கிறது. அதற்குமேல் உனக்காக வாதாட என்னிடம் ஒன்றும் இல்லை.

பரீதா போனபிறகு எனக்கு உன் நாலாம் வகுப்பு ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து மகாபலிபுரம் சுற்றுலா போகிற அன்று காலையில் உனக்கு உடம்பு கொதித்தது. தெர்மாமீட்டரை வாயில் வைத்துவிட்டு நான் அடுப்பைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்ததும் நீட்டினாய். "நார்மல்தாம்மா" என்றாய். உதறி இறக்கியிருக்கிறாய் என்று சாயங்காலம் உடம்பெல்லாம் முத்து போட்ட பிறகுதான் தெரிந்தது. அந்த பஸ்ஸில் வந்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அம்மை. ஒவ்வொரு வீட்டிலும் வேப்பிலை. நானும் உன் அப்பாவும் என்ன செய்தோம்? சாமர்த்தியத்தைப் பார்த்தாயா என்று சிரித்தோம். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அன்றைக்கு முதுகில் நாலு வைத்திருக்கவேண்டும். நீ அதற்குப் பிறகு வளர்ந்தாய், படித்தாய், பெரிய பெரிய மெஷின்களைக் கையாளக் கற்றுக்கொண்டாய். ஆனால் இன்றைக்கும் நீ செய்வது அதே உதறல்தான்.

நீ கெட்டவனாக இருந்தால் எனக்குச் சுலபம், தலை முழுகிவிட்டு நிம்மதியாக இருப்பேன். நீ பயந்தாங்கொள்ளி. முதலில் ரத்தம் கெட்டுப்போய்விட்டது என்று உன்னையே நம்பவைத்துக்கொண்டாய். பிறகு தீசிஸ் முடியட்டும், அப்பாவை நல்ல டாக்டரிடம் காட்டலாம் என்று இருந்திருப்பாய். பிறகு, இப்போது சொன்னால் ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று பயந்திருப்பாய். எல்லாம் எனக்குப் புரிகிறது. புரிவதால் மன்னித்துவிடுவேன் என்று நினைக்காதே. முன்னாலேயே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொல்லவில்லை, இன்னும் சில வருஷம் கிடைத்திருக்கலாம் என்றுதான் சொன்னார். அதைக்கூட விடு. சாவு யார் கையிலும் இல்லை. ஆனால் தன் பெண்டாட்டி பந்துகளுக்கு நடுவே பாட்டில் தேடிவிட்டு வருவதைப் பார்க்காமல் அவர் செத்திருக்கலாம். அது உன் கையில் இருந்தது. அதற்காக நான் சாகும்வரை உன்னை மன்னிக்கப்போவதில்லை.

அமெரிக்காவில் இதயத்தை ஆராயும்போதும் உனக்கு நார்மல் வேண்டியிருக்கும். அந்த ஊரிலும் யாராவது ஒரு அப்பா காபி குடிக்காமல் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் உன் கிராஃபைக் கெடுத்தால் தாராளமாகத் தூக்கிக்கொள், உன் வேலை எனக்குத் தெரியாது. ஆனால் தூக்குவதற்கு முன்னால் அவரைக் கூப்பிட்டு, "ஐயா, உங்கள் ரத்தம் சரியில்லை, டாக்டரைப் பாருங்கள்" என்று சொல். கல்யாணம் ஆகிப் போகிற பிள்ளைக்கு நான் சொல்கிற புத்திமதி இவ்வளவுதான்.

இப்போது நந்தினி. முந்தாநாள் அடையாறு போயிருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், என் பாட்டில் கதையையும் சேர்த்து. கணக்கு டீச்சர் இல்லையா, கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டாள். பிறகு, "அத்தை, அந்த நோய் அவருக்கு இருந்தா நான் கல்யாணத்த நிறுத்த மாட்டேன். எனக்குத் தடுப்பூசி இருக்கு, போட்டுக்கறேன். அவருக்கு வைத்தியம் பாத்துக்கலாம். ஆனா எங்கிட்ட பொய் சொல்லுவாரான்னு எனக்குத் தெரியணும்" என்றாள். எப்படித் தெரிந்துகொள்வாய் என்றேன். "ஞாயித்துக்கெழம அவர் போன் பண்ணுவார். நேராக் கேப்பேன். நீங்க வந்ததைச் சொல்ல மாட்டேன். நீங்களும் அவரை முன்னாடியே உஷார் பண்ணிடக் கூடாது அத்தை" என்றாள். அந்தப் பெண் கையைப் பிடித்துச் சத்தியம் பண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பெற்ற மனம் பித்து என்பார்கள். எனக்கும் பித்துதான். நேற்றெல்லாம் போனுக்குப் பக்கத்தில் போய்ப் போய்த் திரும்பி வந்தேன். ஒரே ஒரு வார்த்தை, "அவ கேக்கப்போறா, உண்மையச் சொல்லிடுடா" என்று சொல்லிவிட்டால் நீ தப்பித்துக்கொள்வாய். தெர்மாமீட்டர் விஷயத்தில் சிரித்த அதே அம்மா இப்போதும் சிரித்ததாக ஆகும். அதனால் செய்யவில்லை. இன்று சனிக்கிழமை. சாயங்காலம் கடைசித் தபால் கட்டை எடுத்துக்கொண்டு போன பிறகுதான் இதை லஸ் முனைத் தபால் பெட்டியில் போடப்போகிறேன். திங்கட்கிழமைக்கு முன்னால் உன் கைக்கு வராது. ஆகவே நீ இதைப் படிக்கும்போது நந்தினி கேட்டு முடித்திருப்பாள், நீயும் பதில் சொல்லி முடித்திருப்பாய். என்ன சொன்னாய் என்று எழுதுகிற எனக்குத் தெரியாது. படிக்கிற உனக்குத் தெரியும்.

புதன்கிழமை காலையில் ஆழ்வார்பேட்டையில் நான் சொல்லி வைத்திருக்கிற ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வா. டாக்டர் பட்டம் வாங்கியவன், லேபில் வேலை பார்க்கிறவன் என்று எதுவும் பேசாதே. உன் ரத்தத்தை நீ பார்க்கக் கூடாது. எடுப்பது ஒரு ஆள், பார்ப்பது ஒரு ஆள், ரிசல்ட் வாங்குவது நான். நோய் இருந்தால் இருக்கட்டும், இருக்கிற நகையை விற்றாவது வைத்தியம் பார்ப்பேன். நீ சாகக் கூடாது. இதை இதமாகச் சொல்ல எனக்கு வரவில்லை, கோபத்தோடுதான் சொல்ல வருகிறது. வெறும் வயிற்றோடு வா. உன் அப்பா உட்கார்ந்திருந்த மாதிரி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார். பிளாஸ்கில் காபி கொண்டுவருகிறேன், ரத்தம் கொடுத்த பிறகு குடிக்கலாம். டம்ளர் இரண்டு எடுத்துவருவதா மூன்று எடுத்துவருவதா என்று நந்தினியிடம் கேட்டுக்கொள்கிறேன். உன்னைக் கேட்க மாட்டேன்.

அம்மா